பன்னிரண்டு கட்டத்து மட்டி

வண்டூர்
28.5.2025

எனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்லுத, அப்படித்தான?

ஏட்டி பெனிட்டா, சர்வேசுரன் கிருபையில நீயும் உங்கம்மாவும் தூத்துக்குடியில சுகமா இருப்பீங்கன்னு மொத வரியில எழுதத்தான் பேனாவ எடுத்தேன். உன் கடுதாசியப் படிச்ச பொறவு அது ரெண்டாவது வரிக்கு எறங்கிப்போச்சு. நாலாங்கிளாஸ்ல வாத்தியார் என்னைய பெஞ்சு மேல ஏத்துனது எழுத்துக்கு. கணக்குக்கு இல்ல. கணக்குல நான் அப்பமே ராசா.

ஏப்ரல்ல இருநூத்தி ஆறு மட்டிச் சிப்பி. மே மாசம் அறுபத்தி ஒண்ணு. எண்ணுனது எண்ணுனதுதான். "ஏதாவது கட்டத்தை விட்டுட்டீங்களா மாமா, தூங்கிட்டீங்களா"ன்னு ரெண்டு பக்கத்துக்குக் கேட்டிருக்க. வேணும்னா பின்னால ஒரு சைபர் போட்டுக்க. அறுநூத்திப் பத்து. காலேஜுல மாலை போட்டு ஊர்வலம் விடுவான்.

நீ சொல்லிக்குடுத்தது அம்புட்டும் மனப்பாடம். மாசம் ஒருக்க, தண்ணி நல்லா வத்துன நேரம் பாத்து, மேங்ரோவ் காட்டுக்கு அந்தப் பக்கம் சேத்துக்குப் போவணும். சனவரில நாம ரெண்டு பேரும் கம்பி ஊனிக் கயிறு கட்டுன பன்னெண்டு கட்டத்தையும் தோண்டணும். வந்த மட்டிய எண்ணி, வெர்னியர வச்சு அளந்து, எடுத்த எடத்துலயே திரும்பப் பொதைக்கணும். பூசைக்குப் போற மாதிரி ஒழுங்கு. போதுமா?

போன் என்னாச்சுன்னு கேட்ட. கடல்ல விழுந்துருச்சு. அது இப்பம் கணவாய் மீனுக்கு வீடியோ கால் போட்டுக்கிட்டு கெடக்கும். உன் கைடு மேடத்துக்கும் பென்சில்ல எழுதுன அசல் தாள்தான வேணும்? தபால்லயே அனுப்புதேன்.

என் மவன் பீட்டரு போட்டு கட்டுற ஜெட்டியில வேலைக்குப் போறான், வாரான். அவன் பொஞ்சாதி ரூபா சப்-சென்டர்ல ஊசி போடுதா. வீட்டுலயும் ஊசிதான், வாயால. நான் கல்லு மாதிரி கெடக்கேன். உங்கம்மா, என் தங்கச்சி அமுதம், இன்னும் என் மேல கோவமா? பீட்டரு உங்கக்காளக் கட்டலேன்னு நாலு வருசமாவா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா? கழுத்து வலிக்கும்னு சொல்லு.

உன் தாய்மாமன்
ஜெபராஜ்


தூத்துக்குடி
9.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்களுக்குக் கோபம் வந்தால் கையெழுத்து நன்றாக ஆகிவிடுகிறது. அதனால் அடிக்கடி சண்டை போடலாம் என்றிருக்கிறேன். அம்மா சுகம். கழுத்தும் சுகம்.

நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. இந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதுதான் பயமாக வருகிறது. சனவரியில் நாம் எண்ணியபோது இருநூற்றுப் பதினான்கு. மார்ச்சில் நான் தீவிலிருந்து கப்பல் ஏறும்வரை அந்த அளவிலேயே நின்றது. ஒரு வருடம் மாதாமாதம் எண்ணினால்தான் அந்தச் சேற்றில் மட்டி எப்போது குஞ்சு விடுகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று சொல்ல முடியும். அதுதான் என் ஆராய்ச்சி. திடீரென்று முக்கால் பங்கு காணாமல் போனால் அது வேறு கதை. உமா மகேஸ்வரி மேடம் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

நோய் என்றால் செத்த மட்டி வாயைத் திறந்தபடி கிடக்கும். அப்படிப் பார்த்தீர்களா? தண்ணீர் நிறம் மாறியிருந்ததா? எழுதுங்கள். நான் இங்கே லேபில் ஏசிக்கு நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சன்னலைத் திறக்கக் கூடாதாம். உங்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளாவது முழங்கால் சேற்றில் நிற்கிறீர்கள்.

ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு இறங்குங்கள். அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
பெனிட்டா


வண்டூர்
24.6.2025

மருமவளே பெனிட்டாவுக்கு மாமன் ஆசீர்வாதம்.

இங்கன மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. சின்ன போட்டெல்லாம் மேல ஏத்தியாச்சு. ஆனாலும் உன் தாள் இதோட இருக்கு. ஜூன் மாசம் நாப்பது.

வாயத் தொறந்த மட்டி ஒண்ணும் காங்கல. எல்லாம் வாய மூடிக்கிட்டு மரியாதையா இருந்துச்சு. உங்க வீட்டுப் பொம்பளைய மாதிரி இல்ல. தண்ணி நெறம் சேத்து நெறம். சேத்துத் தண்ணி பின்ன பன்னீரு மாதிரியா இருக்கும்?

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா உன்னைய விசாரிச்சா. "அந்தக் குட்டச்சி எப்பம்ணே வரும், அதுக்குச் சோறு பத்தாதே"ன்னு கேட்டா. அவளும் கரையில மட்டி பெறக்கித்தான் ரெண்டு பிள்ளையக் கரையேத்துனவ. அந்தப் பக்கத்துல நாப்பது பொம்பளைங்க அப்படித்தான் உலை வைக்கிறாளுவ. மழை மாசத்துல ஆம்பளைக்கு வேல கெடயாது பாரு.

ஷூ போட்டேன். காலு உள்ள போயி, நான் வெளிய நின்னேன். அம்புட்டுப் பெருசு.

வேற விசேசம் இல்ல. ரூபா என் பின்னால நின்னு என்ன எழுதுதேன்னு பாக்கா. "அரே மாமா, பைட்டோ சுப்சாப்"ங்கா. சும்மா உக்காருன்னு அர்த்தம். உக்காந்துதான் இருக்கேன்.

மாமன்
ஜெபராஜ்


(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

வண்டூர்
26.6.2025

ஏட்டி பெனிட்டா,

நான் ஏப்ரல்ல இருந்து கடலப் பாக்கல.

ஏப்ரல் இருவத்தி ரெண்டாந் தேதி காலைல உன் கட்டத்துக்குத்தான் போனேன். ஷூ போடல. கலங்குன தண்ணிக்குள்ள உன் ஏழாம் நம்பர் கம்பி இருந்துச்சு. பெருவெரலுக்கும் அடுத்த வெரலுக்கும் நடுவுல ஏறிருச்சு. ரெத்தம் பாத்து முதலை வந்துருமோன்னு பொன்னம்மாதான் என்னையத் தோள்ல தாங்கி வீட்டுல கொண்டாந்து போட்டா. சக்கரை ஒடம்பு. ஆறல. ரெண்டு வெரல எடுத்தாச்சு. கம்பி உன்னுதுன்னு தெரிஞ்சா நீ அழுவ. அதான் எழுதல. நான்தான் "ஷூ எதுக்கு, நான் என்ன பரேடுக்கா போறேன்"னு சொன்னேன், நீ இல்ல.

அன்னைக்கு என்னையப் போட்டுட்டு பொன்னம்மா திரும்பிப் போனா. "அண்ணே, மருமவ கணக்கு நின்னுறக் கூடாதே"ன்னு பன்னெண்டு கட்டத்தையும் அவளே தோண்டி, கட்டத்துக்கு ஒரு பாலிதீன் பையா மட்டியக் கட்டி, வாளியில வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டா. நான் காலத் தூக்கிக் கட்டில் மேல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணி வெர்னியரால அளந்தேன். இருநூத்தி ஆறு. கணக்கு பக்கா. முடிக்கையில தண்ணி ஏறிருச்சு, இனி எங்கன கொண்டு பொதைக்க? பொன்னம்மா, "அளந்தாச்சுல்லண்ணே?"ன்னு கேட்டா. "அளந்தாச்சு"ன்னேன். அவ மிளகு இடிச்சுப் போட்டா.

உன் படிப்பத் தின்னுட்டேன்ட்டி. ருசியா இருந்துச்சு.

கடல்ல மட்டிக்கா பஞ்சம், ஒரு மாசத்துல ரொம்பிரும்னு நெனச்சேன். மே மாசம் அறுபத்தி ஒண்ணுதான் வந்துச்சு. அதையும் தின்னோம். உன் கடுதாசி வந்த பொறவுதான் மண்டையில ஏறிச்சு. ஜூன்ல "திரும்பக் கொண்டு போயிப் பொத"ன்னு சொன்னேன். கொண்டு போறா. வெயில்ல வாளியில கெடந்தது எம்புட்டு பொழைக்குமோ.

ரூபா வாசக் கேட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருவிக்கிட்டுப் போவா. பிளாஸ்டிக் சேர்ல இருந்து பாத்தா அவ நைட்டி காயிற கொடி தெரியும், பஸ்ஸு திரும்புற எடம் தெரியும், மேங்ரோவ் காடு தெரியும். அதுக்கு அந்தால கடலு. சத்தம் மட்டும் கேக்கும். அறுபத்தஞ்சு வருசம் அதுலயே கெடந்தவன் நான். இப்பம் வாளிக்குள்ள கையி விடும்போது மட்டுந்தான் உப்புத்தண்ணி மேல படுது. அதுக்காவத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்னு நெனைக்கேன். அந்த ஒரு நாளு எனக்கு மாசத்துல…

இத அனுப்ப மாட்டேன்.


தூத்துக்குடி
14.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஜூன் தாள் கிடைத்தது. பொன்னம்மா அக்காவுக்கு என் வணக்கம். அவர் வைத்த மட்டிக் குழம்பை இங்கே லேபில் சொல்லிச் சொல்லியே தோழிகளை வெறுப்பேற்றுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

மேடம் என் கணக்கைக் கட்டுரையாக ஒரு கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உங்கள் கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் எழுந்து நின்று, "இது நோய் இல்லை, மனுசன் கை. யார் அங்கே அள்ளுகிறார்கள்?" என்று கேட்டார். கரையில் பெண்கள் பொறுக்குவார்கள் என்று சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. அவர் குறித்துக்கொண்டார்.

மாமா, கயிறு கட்டிய கட்டத்துக்குள் யாராவது கை வைக்கிறார்களா? உண்மையை மட்டும் எழுதுங்கள். யாரையும் மாட்டிவிட அல்ல. கணக்கு உண்மை என்று தெரிந்தால்தான் நான் அடுத்த தாளை மேடத்திடம் கொடுக்க முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
பெனிட்டா


வண்டூர்
2.8.2025

மருமவளுக்கு மாமன் எழுதுறது. இங்க மழை விட்டு விட்டுப் பேயுது, மத்தபடி சல்தா ஹை, ஏதோ ஓடுது.

கூட்டத்துல நீ மைக்க புடிச்சுப் பேசுனன்னு கேட்டு நெஞ்சு நெறஞ்சு போச்சு. உங்கம்மா கையத் தட்டுனாளா, இல்ல அதுக்கும் கோவமா?

யாரும் அள்ளல. பொம்பளைங்க அவங்க எடத்துல பெறக்குவாளுவ. கயிறு கட்டுன எடத்துப் பக்கமே வரமாட்டாளுவ. அது என்னமோ பேங்க் லாக்கர் மாதிரி, "குட்டச்சி கட்டம்"னு சுத்திப் போறாளுவ. ஆபீஸ்காரன் கரையில காலு நனைச்சிருக்கானான்னு கேளு. பேன்ட்டு சுருட்டத் தெரியாதவன்லாம் மட்டி பத்திப் பேசுதான்.

எனக்குத் தோணுது, திருக்கை மீனு தின்னுருக்கும். திருக்கைக்கு மட்டின்னா உசுரு. உனக்குச் சோறு மாதிரி.

ஜூலை மாசக் கணக்கு இருவத்தி ரெண்டு. தாள் இருக்கு.

ஜெபராஜ்


தூத்துக்குடி
20.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மா கை தட்டவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் நான்கு தடவை சொன்னாள்.

திருக்கை தின்றால் சேற்றில் தட்டு அளவுக்குக் குழி விழும். நாம் பிப்ரவரியில் மூன்று குழி பார்த்தோமே, நீங்கள்தான் கையை விட்டுக் காட்டினீர்கள். கட்டத்துக்குள் குழி இருந்ததா? தாளில் "குழி" என்று ஒரு பத்தி இருக்கிறது. நான்கு மாதமாக அதைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் காலியாக விடுகிறவர் இல்லை. கட்டத்தில் நண்டு ஒன்று நடந்து போனாலும் "நண்டு, அவசர வேலையாகப் போகிறது" என்று எழுதுவீர்கள். அதைப் படித்து நான் லேபில் தனியாகச் சிரிப்பேன். இப்போது வெறும் எண்தான் வருகிறது.

அந்த ஆபீஸிலிருந்து மேடத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் குறைந்தால் ஐந்து வருடத்துக்கு அந்தக் கரையில் யாரும் மட்டி எடுக்கக் கூடாது என்று உத்தரவு போடப் போகிறார்களாம். என் கணக்கைத்தான் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். மேடத்துக்குச் சந்தோஷம். ஒரு மாணவியின் ஆராய்ச்சி உத்தரவாக மாறுவது சாதாரணமா என்கிறார். அடுத்த திட்டத்தில் எனக்கு வேலையும் போட்டுவிட்டார். நான் சிரிக்கத்தான் வேண்டும். பொன்னம்மா அக்கா முகம்தான் கண்முன் வருகிறது.

நானே வரலாம் என்று கப்பல் டிக்கெட் பார்த்தேன். விடுப்பு இல்லை என்றார்கள்.

எழுதுங்கள் மாமா.

பெனிட்டா


தூத்துக்குடி
30.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? ஆகஸ்டு தாளும் வரவில்லை, செப்டம்பர் தாளும் வரவில்லை. என் கடிதம் கிடைத்ததா?

அம்மா நேற்றுத் தானாகவே, "அண்ணன் கடுதாசி போடலையா?" என்று கேட்டாள். நான்கு வருடத்தில் அவள் வாயில் "அண்ணன்" என்று வந்தது இதுதான் முதல் தடவை. அவ்வளவு பயந்திருக்கிறோம்.

நவம்பர் முதல் தேதி உத்தரவில் கையெழுத்து ஆகிறது. அதற்கு முன்னால் நான் "என் கணக்கு சரி" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு சரிதான் என்று நம்புகிறேன். நீங்கள் தப்பாக எண்ண மாட்டீர்கள். ஆனால் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துவிட்டால் என் ஒரு வருடம் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் இத்தனை நாள் நேராகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பெனிட்டா


வண்டூர்
12.10.2025

மருமவளுக்கு,

சுகம். ஆகஸ்டு ஒம்பது. செப்டம்பர் ஒம்பது. குழி இல்ல.

டவுனு பேர ஸ்ரீ விஜய புரம்னு மாத்துனதுல இருந்து தபால் எங்கெங்கயோ சுத்திட்டு வருது. அதான் லேட்டு.

உங்கம்மாட்ட அண்ணன் கேட்டேன்னு சொல்லு.

ஜெபராஜ்


ஸ்ரீ விஜய புரம்
27.10.2025

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

நான் ரூபா. பீட்டரின் மனைவி. நீ இங்கே வந்திருந்தபோது ஹாஸ்டலில்தான் தங்கினாய், என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அது இருக்கட்டும்.

நாங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மாமாவுக்கு ஏப்ரலில் காலில் பட்ட காயம் மேலே ஏறிவிட்டது. போன திங்கள்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, சாப்பிடுகிறார், நர்ஸ்களைத் திட்டுகிறார். வலது கையில் டிரிப் ஊசி இருப்பதால் எழுத முடியாது. "நான் சொல்லச் சொல்ல எழுது, ஒரு வார்த்தைய விடாத, அழகுபடுத்தாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் பொன்னம்மா அக்கா கஞ்சி கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறார். இனி வருவது மாமா சொல்வது.

ஏட்டி பெனிட்டா. காலு போயிருச்சு. பாதிதான். மிச்சத்துக்கு இனி ஒத்த ஷூ போதும், செலவு மிச்சம். ரூபா, மூஞ்சியத் திருப்பாத, எழுது.

நான் ஏப்ரல்ல இருந்து உன் கட்டத்துக்குப் போவல. காயம் எதுல பட்டுச்சுன்னு கேக்காத. கல்லுல பட்டுச்சு.

(நடுவில் நான் எழுதுகிறேன். கல் இல்லை. உன் ஏழாம் நம்பர் கம்பி. பொன்னம்மா அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை விடாதே என்றவர் இதை விடச் சொன்னால் நான் விட மாட்டேன். ஷூ போடாதது அவர் தப்பு, உன் தப்பு இல்லை. நானும் நர்ஸ்தான், சொல்கிறேன்.)

என்னட்டி கிறுக்குத, நான் ஒண்ணும் சொல்லலையே? சரி. மாசாமாசம் மட்டியத் தோண்டுனது பொன்னம்மா. பொதைக்கணும்னு நான் அவளுக்கு மொதல்ல சொல்லல. எண்ணுறதுக்கு எனக்கு வீட்டுக்கு வேணும்ல, வாளியில கொண்டாந்தா. எண்ணுனேன், அளந்தேன், பொறவு… பொறவு தின்னோம். ஏப்ரல் இருநூத்தி ஆறும் வயித்துக்குள்ள. மே மாசமும் வயித்துக்குள்ள. அப்புறம் பொதைச்சது பாதி செத்துருச்சு. திருக்கை நான்தான். ரெண்டு காலு உள்ள திருக்கை, இப்பம் ஒண்ணு.

அதனால உன் கணக்கு சரி, உன் முடிவு தப்பு. எண்ணுனதாலதான் கொறஞ்சுது. அந்தக் கட்டத்துல மட்டுந்தான் கொறஞ்சுது. சுத்தி உள்ள சேத்துல மட்டி அப்படியே கெடக்கு. ஆபீஸ்காரன்ட்ட சொல்லு. உன் ஒரு வருசம் போவும். வேலையும் போவும்னு நெனைக்கேன். அதச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல. ஜூன்லயே சொல்லிருக்கணும்.

"அண்ணே."

பொன்னம்மா, கஞ்சி பொறவு குடிக்கேன்.

"கஞ்சி கெடக்கட்டும். என்ன ஆபீஸு? என்ன முடிவு?"

நான் எழுதுவதை நிறுத்தப் பார்த்தேன். மாமா நிறுத்தாதே என்று கையைக் காட்டினார். அதனால் எழுதுகிறேன்.

ஒண்ணுமில்ல பொன்னம்மா. ஒண்ணாந்தேதில இருந்து நம்ம கரையில மட்டி எடுக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கப் போறான். அஞ்சு வருசம்.

"அது முதலைக்காவன்னு சொன்னாங்க."

முதலை இல்ல. மட்டி கொறஞ்சு போச்சுன்னு. நீங்க நாப்பது பேரும் அள்ளித் தின்னுட்டீங்கன்னு.

"நாங்களா?"

இல்ல. நாம. நீயும் நானும்.

அக்கா, "போன வாரம் எங்கூட மட்டி பெறக்குற சொர்ணம்மாவ நான் முடியப் புடிச்சு இழுத்தேன்ணே," என்றார். "குட்டச்சி கட்டத்துல கைய வச்சது நீதான்னு. அவ அழுது சத்தியம் பண்ணுனா. நான் நம்பல. திரும்பப் பொதைக்கணும்னு ஏப்ரல்லயே உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும்.

"அப்பம் ஏன் அளந்தாச்சுன்னு சொன்னீங்க?"

பசிச்சுது பொன்னம்மா. கடலு வாசன அடிச்சுது.

"சிரிக்காதீங்கண்ணே."

சிரிக்கல. என் மூஞ்சியே அப்படித்தான். மவராசி, நாலு மாசமா நாக்கு நுனியில வச்சுக்கிட்டு…

"அந்தத் தாள்ல எண்ணுனது யாருன்னு யார் பேரு போட்டிருக்கு?"

என் பேரு.

"தோண்டுனது?"

அதுவும் என் பேருதான்.

"என் பேரு எங்கயும் இல்ல."

இல்ல. உன்னைய மாட்டிவிடக் கூடாதுன்னுதான்…

"என்னைய மாட்டிவிடல. நாப்பது பேர மாட்டிவிட்டீங்க."

அக்கா எழுந்தார். தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடினார். என்னிடம், "ரூபா, அந்த ஆபீஸு எங்க இருக்கு?" என்று கேட்டார். அபர்டீன் பஜாருக்கு மேலே என்றேன். "எண்ணுனவரு கட்டில்ல கெடக்காரு. தோண்டுனவ நான். நான் போயிச் சொன்னாத்தான் நம்புவான்," என்றார்.

பொன்னம்மா, உக்காரு. தனியாப் போனா உன்னையத்தான் திருடிம்பான். மருமவ கடுதாசி போவட்டும், அவ எழுதி, மேடம் கையெழுத்துப் போட்டு…

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாலு நாளுதான்ணே இருக்கு. உங்க கடுதாசி போறதுக்குப் பத்து நாளு ஆவும்."

நில்லு. நான் இன்னும் சொல்லி முடிக்கல. ஏய், நாலாம் நம்பர் கட்டம், பத்தாம் நம்பர் கட்டம் ரெண்டுலயும் போன மாசம் பொடி மட்டி வந்துச்சுல்ல, அரிசி மாதிரி, அதச் சொல்லு அவன்ட்ட, அது பெருசாயிரும், அத மறந்துராத.

பொன்னம்மா அக்கா வார்டின் கதவைத் தாண்டிவிட்டார்.

சாத்தம் பஸ்ல ஏறிராத பொன்னம்மா, அது வேற பக்கம். மணிக்கூண்டுல எறங்கி மேட்டுல ஏறணும். வாசல்ல செக்யூரிட்டி ஹிந்தியில கேப்பான், பயப்படாத, பேரச் சொல்லு, மொதல்ல உன் பேரச் சொல்லு, பொறவு…

அவர் இன்னும் வழி சொல்லிக்கொண்டிருக்கிறார், பெனிட்டா. அக்கா படி இறங்கிப் போய்விட்டார்.